துறை மூடிய மதியம்

சாக்காவோ நீரிணையில் காற்று எழுந்துவிட்டது.
கம்பத்தில் சிவப்புக் கொடி.
எனக்கு முன்னால் நாற்பது வண்டிகள்.
மடியில் ஒரு நுரைப்பெட்டி,
பெட்டிக்குள் பனிக்கட்டி,
பனிக்கட்டிக்குள் இருபத்துநான்கு இதயங்கள்.

காலை எட்டு மணிக்கு அவை
கெம்ச்சி வளைகுடாவின் வலைக்கூண்டுகளில்
துடித்துக்கொண்டிருந்தன.
நிறுத்தியது என் கைதான்.
கை பழகிவிட்டது; பெருமைக்காகச் சொல்லவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்பது
வெளியில் நிற்பவர்கள் பேச்சு.
உள்ளே இழைமணிகள்
(ஆய்வேட்டில் மைட்டோகாண்ட்ரியா)
இன்னும் மூச்சிழுக்கின்றன.
ஆறு மணிநேரம்.
அதற்குள் அக்கரை சேர்ந்து
கண்ணாடிக் குப்பியில் இறக்கி
அவை குடிக்கும் ஆக்சிஜனைக்
கோடாக்கிவிட வேண்டும்.

மணி பன்னிரண்டேகால்.

நீலக்குறி இட்டவை நெத்திலி எண்ணெய் உண்டவை.
மஞ்சள், கடுகுக்குத் தங்கை முறையான கனோலா.
கரையையே காணாத மீனுக்குள்
ஒரு வயல் பூத்துக் கிடக்கிறது, யாருக்கும் தெரியாமல்.
தின்ற எண்ணெய் அத்தனையும் எரிந்துபோவதில்லை.
கொஞ்சம் சுவராகிறது,
இழைமணியின் மடிப்பு மடிப்பான உள்சுவர்.
அது ஒழுகினால்
அடுப்பு எரியும், கிழங்கு வேகாது.
பேன் போக்க வெந்நீர்த் தொட்டிக்கு விரட்டும் நாளில்
வாட்டசாட்டமான மீன்தான் முதலில் மல்லாக்கிறது.
அதனால்தானோ?
அந்த ஓகாரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பக்கத்தில், தீவனம் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி.
மீன்மாவு வாசம் மட்டும் மிச்சம்.
ஓட்டுநர் என் கண்ணாடியைத் தட்டினார்.
எவாரிஸ்தோ கொலிவோரோ என்று பெயர் சொல்லி
எண்ணெய்க் காகிதத்தில் ஒரு கிழங்கு ரொட்டி நீட்டினார்.
"எடுத்துக்கோங்க. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்,
கல்லீரலில் கொழுப்பாம்.
வாங்குவேன், மோந்து பார்ப்பேன், யாருக்காவது கொடுத்துவிடுவேன்."

"பெட்டியில் என்ன?"
"இதயங்கள்" என்றேன், வாய் நிறைய ரொட்டி.

அவர் தொப்பியைக் கழற்றினார்.
நான் விழுங்கி முடிக்குமுன்
வரிசையின் தலைமாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்,
கையை வீசி, கூவி:
"வழி விடுங்கள்! ஆஸ்பத்திரிக்கு! இதயம்!"
ஆட்டுக்குட்டி ஏற்றிய வண்டி ஒதுங்கியது.
சுற்றுலாப் பேருந்து புல்மேட்டில் ஏறி நின்றது.
ஒரு கன்னியாஸ்திரி சிலுவைக் குறி இட்டாள்.

மீனுடையது என்று சொல்லியிருக்கலாம்.
மணி பன்னிரண்டு நாற்பது.
சொல்லவில்லை.

கொடி இறங்கியது. முதல் படகில் முதல் வண்டி நான்.
பின்கண்ணாடியில் அவர் தொப்பி
நெடுநேரம் நெஞ்சோடு இருந்தது.

புவேர்த்தோ மோந்த், இரண்டு பத்து.
பத்து நிமிடம் பிந்திவிட்டேன்.
குப்பிக்குள் கலக்கி சுழன்றது.
நீலக் கோடு சரசரவென இறங்கியது,
பசியோடு குடிக்கிற குழந்தை மாதிரி.
மஞ்சள் கோடு தயங்கியது, சாய்ந்தது,
பாதியில் படுத்துக்கொண்டது.

ஈக்னாசியா எட்டிப் பார்த்து, "அடடே, அழகான வித்தியாசம்!"

இல்லை.
காலையில் முதலில் கொன்றது மஞ்சளைத்தான்.
நீலத்தைவிட நாற்பது நிமிடம் மூத்த சாவு அவற்றுக்கு.
எண்ணெய் செய்ததா, காற்று செய்ததா?
என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.
குறிப்புப் பத்தியில் "துறை மூடல்" என்று எழுதி
இரண்டு கோடுகளையும் அடித்துவிட்டேன்.

வியாழன் மறுபடி போக வேண்டும்.
இன்னும் இருபத்துநான்கு.
இம்முறை ஒரு நீலம், ஒரு மஞ்சள் என்று மாற்றி மாற்றி.

கையுறையைக் கழற்றினால்
விரலில் இன்னும் பன்றிக்கொழுப்பின் மினுக்கு.
காலையிலிருந்து நான் தின்றது அது ஒன்றுதான்.
இந்நேரம் அதில் கொஞ்சம்
எனக்குள் எங்கோ
சுவராகிக்கொண்டிருக்கும்.